ஏப்ரல் மாதத்தில் தையல் நூல் யார் வாங்குவது?

கடலூர் கேப்பர் மலையில் உள்ள மத்திய சிறையிலிருந்து புதுச்சேரி காலாப்பட்டு மத்திய சிறைக்கு ஏறக்குறைய 35 கிலோமீட்டர். எல்லைக்கு இந்தப் பக்கம் சம்பவம் நடந்தால் கேப்பர் மலை, அந்தப் பக்கம் நடந்தால் காலாப்பட்டு. 1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டுக் கிளம்பிய பாரதியார் எல்லை தாண்டியதும் கைதாகி, மூன்று வாரம் போலக் கடலூர்ச் சிறையில் இருந்தார். அன்றைக்கு அது இரண்டு வல்லரசுகளுக்கு நடுவே இருந்த எல்லை. சிறைக்கு வரும் பணத்தைப் பொறுத்தவரை அந்த எல்லை இன்னும் அழியவில்லை.

சிறைக்குள் ஒரு தையல் வகுப்போ, நூலகமோ, மனநல ஆலோசனையோ தொடங்க வேண்டும் என்று இந்தப் பகுதியில் பல அறக்கட்டளைகளும் கல்லூரிச் சமூகப்பணித் துறைகளும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் நினைக்கிறார்கள். நல்ல மனதோடு பணம் கேட்டு மனு எழுதுகிறார்கள். பணமும் சில நேரம் வருகிறது. இரண்டாம் ஆண்டில் அந்த அறை பூட்டிக் கிடக்கிறது. அப்படி ஆகாமல் இருக்க எதை எங்கே எழுத வேண்டும், எது எதனால் கெடுகிறது என்பதற்காகவே இது.

முதலில் ‘மானியம்’ என்ற சொல். சட்டமன்றத்தில் ‘சிறைத்துறை மானியக் கோரிக்கை’ என்றால், துறையின் ஆண்டுச் செலவுக்கு அவை ஒப்புதல் தருவது. சம்பளம், அரிசி, பருப்பு, மருந்து, வாகன டீசல் எல்லாம் அதில் அடக்கம். ஒரு குறிப்பிட்ட வேலைக்காக, நிபந்தனையோடு, கணக்குக் காட்டச் சொல்லித் தரும் உதவி மானியம் வேறு. முதலாவது ஆண்டுதோறும் வரும். இரண்டாவது ஒருமுறை வந்துவிட்டு நின்றுவிடும். நாம் எழுதும் மனு பெரும்பாலும் இரண்டாவதைக் கேட்கிறது. நடத்தப்போகும் வேலைக்கோ முதலாவது தேவைப்படுகிறது. பூட்டிக் கிடக்கும் அறைகளில் பாதி இந்தக் குழப்பத்தில் பூட்டப்பட்டவை.

அரசமைப்புச் சட்டம் ஏழாம் அட்டவணையில் சிறை மாநிலப் பட்டியலில் 4-ஆம் இனம். ஆகவே கேப்பர் மலைக்கு அன்றாடச் செலவு தர வேண்டியது தமிழ்நாடு அரசு. காலாப்பட்டுக்குப் புதுச்சேரி அரசு தருகிறது. ஆனால் அந்த அரசின் வரவுசெலவுத் திட்டமே ஒன்றிய உள்துறை வழியாக வரும் மானியத்தை ஒரு தூணாக வைத்து நிற்கிறது. நிதிக்குழு மாநிலங்களுக்குப் பங்கிடும் வரிப்பணத்தில் புதுச்சேரிக்கு இடம் இல்லை. சட்டமன்றம் இருந்தும் ஒன்றியப் பகுதி என்பதால் அது அந்த வரையறைக்கு வெளியே நிற்கிறது. அதனால் புதுச்சேரியில் ஒரு புதிய பணியிடம் கேட்டால் கோப்பு போகும் தூரம் அதிகம். நிரந்தரப் பணியிடத்தை நம்பித் திட்டம் போடுகிறவர்கள் இதை முதல் நாளே கணக்கில் வைக்க வேண்டும். அங்கே மதிப்பூதிய ஏற்பாடுதான் விரைவில் நடக்கும்.

அரசுக் கணக்கில் சிறைகளுக்கான பெருந்தலைப்பு, அதாவது செலவைப் பதியும் முதன்மைக் கணக்கு எண், 2056. அதற்குள் 101 என்ற எண் சிறைகளுக்கு, 102 என்ற எண் சிறைத் தொழிற்கூடங்களுக்கு. இந்த எண்கள் நாடு முழுவதும் ஒன்றே. எல்லையின் இரண்டு பக்கமும் செல்லும். வரவுசெலவு ஆவணத்தைத் திறந்து 2056-ஐத் தேடி, முந்தைய ஆண்டு உண்மைச் செலவையும் நடப்பாண்டு திருத்திய மதிப்பீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு துணைத்தலைப்பில் ஒதுக்கியதில் பாதிகூடச் செலவாகவில்லை என்றால், அங்கே பணம் இல்லாதது பிரச்சினை இல்லை. செலவு செய்ய முடியாததுதான் பிரச்சினை. அந்தத் தலைப்பிலேயே மேலும் பணம் கேட்டு எழுதும் மனு நிதித்துறையில் நிற்காது. மனு எழுதும் பலர் இந்த ஒரு மணி நேர வேலையைச் செய்வதில்லை.

பெரிய பணம் எதற்கு வந்தது என்றும் பார்க்கலாம். 2002-இல் தொடங்கிய சிறை நவீனமயத் திட்டத்துக்கு 1,800 கோடி ரூபாய். ஒன்றியம் 75, மாநிலம் 25 என்ற பங்கு. அதில் நாடு முழுவதும் 119 புதிய சிறைகள், 1,572 கூடுதல் தங்கும் கூடங்கள், 8,568 பணியாளர் குடியிருப்புகள் கட்டப்பட்டன. தேவையான கட்டடங்கள்தான். 2021 முதல் 2026 வரையிலான அடுத்த திட்டம் 950 கோடி. இதில் கேமரா, ஸ்கேனர், உடலில் அணியும் கேமரா, கதவுச் சட்ட உலோகக் கண்டறிவான் போன்ற கருவிகளே முன்னே நிற்கின்றன. சிறை நிர்வாகத்தைக் கணினிமயமாக்கும் இ-பிரிசன்ஸ் தனியாக. சுவருக்கும் கருவிக்கும் பணம் எளிதாக வருவதற்குக் காரணம் உண்டு: வாங்கினால் ரசீது வரும், புகைப்படம் எடுக்கலாம், மார்ச் 31-க்குள் செலவு முடிந்துவிடும். ஒரு மனிதன் குடியை விட்டதற்கு ரசீது வராது. அதைக் கணக்காக மாற்றிக் காட்டும் உழைப்பு மனு எழுதுகிறவர் மேல்தான் விழுகிறது.

அளவுகோல்கள் கையில் இருந்தால் அந்த உழைப்பு பாதியாகும். ஒன்றிய உள்துறையின் 2016 மாதிரிச் சிறைக் கையேடு சொல்வது இது: கூட்டமாகத் தங்கும் கூடத்தில் ஒருவருக்கு 3.71 சதுர மீட்டர் தரை, 15.83 கன மீட்டர் காற்று வெளி. ஒரு கூடத்தில் 20 பேருக்கு மேல் கூடாது. இரவில் 10 பேருக்கு ஒரு கழிப்பறை, பகலில் 6 பேருக்கு ஒன்று. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர். 500 பேருக்கு ஓர் உளவியலாளர் அல்லது ஆலோசகர். ‘கழிப்பறை வசதி மேம்படுத்த வேண்டும்’ என்று எழுதினால் அது ஒரு கருத்து. ‘இந்தக் கூடத்தில் இரவில் இத்தனை பேர், கழிப்பறை இத்தனை, கையேட்டுப்படி இத்தனை குறைவு’ என்று எழுதினால் அது மறுக்க முடியாத பற்றாக்குறை. 700 பேர் இருக்கும் சிறைக்கு நாளொன்றுக்கு 94,500 லிட்டர் தண்ணீர் வேண்டும். மேல்நிலைத் தொட்டியின் கொள்ளளவையும் மோட்டார் ஓடும் மணிநேரத்தையும் பக்கத்தில் எழுதினாலே போதும், வேறு வாதம் தேவையில்லை.

இனி ஒரு திட்டத்தை நெருங்கிப் பார்ப்போம். 20 இயந்திரம் உள்ள தையல் பயிற்சிக் கூடம். எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான், அதிகம் கெடுவதும் இதுதான்.

விலைகளை உத்தேசமாக வைத்துக்கொள்வோம்; விலைப்புள்ளி வாங்கித் திருத்திக்கொள்ளலாம். ஒற்றை ஊசித் தொழிற்சாலை வகை இயந்திரம் 25,000 ரூபாய் வீதம் 20-க்கு 5 லட்சம். ஓவர்லாக் இரண்டு, 70,000. வெட்டும் மேசை, இஸ்திரிப் பெட்டி, ஸ்டூல் எல்லாம் சேர்த்து 80,000. ஆக 6.5 லட்சம். பெரும்பாலான மனுக்கள் இங்கேயே முடிந்துவிடுகின்றன. அடியில் ஒரு கோடு, கையெழுத்து.

இப்போது ஓட்டும் செலவு. பயிற்றுநர் மதிப்பூதியம் மாதம் 20,000 என்றால் ஆண்டுக்கு 2,40,000. பயிற்சி பெறும் ஒருவருக்குத் துணி 15 மீட்டரும் நூலும் சேர்த்து 900 ரூபாய். ஆண்டுக்கு 60 பேர் என்றால் 54,000. மெக்கானிக் மாதம் ஒரு தடவை வர 1,500 வீதம் 18,000. மின்சாரம்: ஓர் இயந்திரம் சராசரி கால் கிலோவாட் இழுத்தால், 20 இயந்திரம் 4 மணி நேரத்தில் 20 யூனிட், 250 நாளுக்கு 5,000 யூனிட், யூனிட் 9 ரூபாய் என்றால் 45,000. மொத்தம் 3,57,000. இரண்டு ஆண்டு ஓட்டினால் 7,14,000. இயந்திரம் வாங்கிய பணத்தை இரண்டே ஆண்டில் ஓட்டும் செலவு தாண்டிவிடுகிறது. இந்த இரண்டாவது கணக்கு இல்லாத மனுவுக்கு மானியம் கிடைப்பது நல்லது இல்லை என்பதே என் எண்ணம். கிடைத்தால், முதல் மார்ச்சில் இயந்திரம் வரும், திறப்பு விழா நடக்கும், அடுத்த ஏப்ரலில் நூல் தீரும். நூல் வாங்கத் தலைப்பு இருக்காது. கண்காணிப்பாளர் தன் அதிகாரத்தில் இருக்கும் சில்லறைச் செலவில் ஒன்றிரண்டு மாதம் சமாளிப்பார். பிறகு இயந்திரங்கள் மேல் துணி போர்த்தப்படும்.

மின்சாரத்தில் இன்னொரு கண்ணி. தையல் இயந்திரத்தை ஓட்டும் சர்வோ மோட்டாரின் பெயர்த்தகட்டில் 550 வாட் என்று இருந்தால், 20 இயந்திரத்துக்கு இணைப்புச் சுமை 11 கிலோவாட். இஸ்திரிப் பெட்டியும் விளக்கும் மின்விசிறியும் மேலே சேரும். பழைய கூடத்தின் வயரிங் இதைத் தாங்காது. மூன்று பேஸ் பகிர்வுப் பலகை, சுமை மீறினால் தானே அணையும் தனி எம்.சி.பி. சுவிட்ச், நில இணைப்பு, கூடுதல் சுமைக்கு மின்வாரியத்தில் விண்ணப்பம், கட்டணம். பொதுப்பணித்துறையின் மின்பிரிவு மதிப்பீடு போட்டுத் தர வேண்டும். இயந்திரம் பிப்ரவரியில் வந்து, சுமை அனுமதி ஜூலையில் வந்தால், அந்த ஐந்து மாதத்தில் உத்தரவாதக் காலத்தில் பாதி கரைந்துபோகும். ஆகவே கொள்முதல் ஆணையில் ‘உத்தரவாதம் நிறுவி இயக்கிக் காட்டிய நாளிலிருந்து’ என்ற வரி இருக்க வேண்டும். அந்த ஒரு வரியை ஒப்பந்தப்புள்ளி ஆவணத்திலேயே சேர்க்க வேண்டும். பிறகு கேட்டால் தர மாட்டார்கள்.

அடுத்தது நேரம். வெளியே 300 மணி நேரப் பயிற்சி என்றால், நாளுக்கு 8 மணி வீதம் 38 நாளில் முடிந்துவிடும். உள்ளே அப்படி இல்லை. காலைக் கணக்கெடுப்பு, உணவு, பிறகு கருவி வழங்கல். கத்தரிக்கோலும் ஊசியும் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கும் பொருள்கள். உடைந்த ஊசிக்கு இரண்டு துண்டும் திரும்ப வர வேண்டும். ஒரு துண்டு காணவில்லை என்றால் கூடம் முழுக்கக் காந்தம் போட்டுத் தேடுவார்கள், அதுவரை யாரும் வெளியே போக முடியாது. மதியம் மறுபடி பூட்டு, மறுபடி கணக்கு. கையில் நிற்பது நாளுக்கு 4 மணி நேரம். 300 மணிக்கு 75 வேலை நாள். வீட்டார் வந்து பார்க்கும் நாள், விடுமுறை, சோதனை நாள் எல்லாம் கழித்தால் ஏறத்தாழ நான்கு மாதம். ஆண்டுக்கு மூன்று அணிதான். மேலே 60 பேர் என்று போட்டது இதை வைத்துத்தான். மனுவில் 160 பேர் என்று எழுதிவிட்டு, கடைசியில் 60 பேர் பட்டியலோடு, பணம் எப்படிச் செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்று கொடுக்க நேர்ந்தால் இரண்டாம் தவணை நின்றுவிடும். ஊசிக்கு ஒரு சிறு யோசனை: எண் பொறித்த மரப்பலகையில் 20 குழி, இயந்திர எண்ணும் குழி எண்ணும் ஒன்று. மாலையில் பலகையைப் பார்த்த மாத்திரத்தில் எது வரவில்லை என்று தெரியும். 200 ரூபாய்ப் பலகை நாளுக்குக் கால் மணி நேரம் மிச்சப்படுத்தும்.

யாருக்குப் பயிற்சி என்பது இன்னும் முக்கியம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்கில் நாட்டின் சிறைவாசிகளில் 75.8 சதவீதம் விசாரணைக் கைதிகள். இருக்கும் இடத்தில் 131.4 சதவீதம் நிரம்பியிருந்தது, அதாவது 100 பேருக்கான இடத்தில் 131 பேர். விசாரணைச் சிறைவாசி நாளைக்கே ஜாமீனில் போகலாம். நடுவில் வாய்தாவுக்குப் போவார். வழிக்காவலுக்கு ஆயுதப்படை ஆள் கிடைக்காவிட்டால் அதுவும் தள்ளிப்போகும். அவரை நான்கு மாத வகுப்பில் உட்கார வைத்தால் பாதியில் நாற்காலி காலி. 80 மணி நேரத் துண்டுகளாக, 20 நாளில் முடிகிற மாதிரிப் பாடத்தை வெட்ட வேண்டும்: நேர்த்தையலும் துணிப்பையும் ஒன்று, ஜாக்கெட்டும் சுடிதாரும் ஒன்று, இயந்திரத்தைக் கழற்றி மாட்டுவது ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனிச் சான்றிதழ். அந்தச் சான்றிதழில் சிறையின் பெயரும் முகவரியும் இருக்கவே கூடாது. பயிற்சி நிறுவனத்தின் பெயர் மட்டும். இதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். நல்ல நோக்கத்தோடு ‘மத்திய சிறை’ என்று பொன்னெழுத்தில் அச்சடித்த சான்றிதழை எந்த வேலைக்கும் யாரும் எடுத்துப்போக மாட்டார்கள்.

தண்டனைச் சிறைவாசிக்கு வேறொரு கணக்கு. அவர் தொழிற்கூடத்திலோ சமையலறையிலோ வேலை செய்தால் கூலி உண்டு. சிறைவாசியின் உழைப்புக்கு நியாயமான கூலி வேண்டும், அதில் ஒரு பங்கு குற்றத்தால் பாதிக்கப்பட்டவருக்குப் போக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1998-இல் குஜராத் வழக்கில் சொன்னது. வகுப்பில் உட்கார்ந்தால் அந்தக் கூலி போய்விடும். வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவர் எதைத் தேர்ந்தெடுப்பார்? ஆகவே பயிற்சிக் கால உதவித்தொகை என்ற வரி மனுவில் இருந்தே ஆக வேண்டும். அதை வெட்டச் சொன்னால், இயந்திரத்தை 20-லிருந்து 14 ஆக்குங்கள், உதவித்தொகையைத் தொடாதீர்கள்.

எந்தத் தொழில் என்பதையும் ஊரைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். வெளியே போகிறவர் கடலூர் துறைமுகத்துக்கோ பண்ருட்டிக்கோ நெய்வேலிக்கோ வில்லியனூருக்கோதான் போவார். படகு எஞ்சின் பழுது, கண்ணாடியிழைப் படகு ஒட்டு, முந்திரி பதப்படுத்தும் இயந்திரம் ஓட்டுவது, வீட்டு வயரிங், குளிர்சாதனப் பழுது, அடுமனை வேலை என்று இங்கே கூலி கிடைக்கும் தொழில்கள் உண்டு. புதுச்சேரியில் அடுமனைக்கும் உணவகச் சமையலுக்கும் ஆள் தேவை ஓயாது. ஆனால் பெரிய விடுதிகளில் காவல்துறைச் சரிபார்ப்பு கேட்பார்கள். அங்கே கதவு அடைபடும். சொந்தமாகச் செய்யக்கூடிய தொழில், அல்லது முதலாளியை முன்கூட்டியே பேசிவைத்த தொழில், இந்த இரண்டில் ஒன்றாக இருக்கட்டும். தமிழ்நாடு சிறைத்துறை இந்தியன் ஆயிலோடு சேர்ந்து வேலூர், கோவை, திருச்சி, பாளையங்கோட்டை போன்ற இடங்களில் பெட்ரோல் பங்க் நடத்துகிறது. அந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடித்தது, ஓட்டும் செலவு விற்பனையிலிருந்தே வருகிறது என்பது. ஏப்ரல் மாதக் கேள்விக்கு அங்கே பதில் இருக்கிறது.

சொந்தத் தொழில் என்றதும் கடன் வரும். தமிழ்நாட்டில் மாவட்டத் தொழில் மையம் வழியாக வரும் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் 25 சதவீத மானியம் உண்டு. 8-ஆம் வகுப்புத் தேர்ச்சி கேட்கிறார்கள். ஆகவே உள்ளே நடக்கும் 8-ஆம் வகுப்புத் தனித்தேர்வும் வெளியே கிடைக்கப்போகும் கடனும் ஒரே கயிறு. தையல் கூடத்துக்குப் பணம் கேட்கும் மனுவில் ஓர் எழுத்தறிவு ஆசிரியருக்கும் சேர்த்துக் கேட்பது இதனால்தான்.

கடற்கரை ஊருக்கென்று ஒரு பத்தி. காலாப்பட்டு கடலை ஒட்டியது. கேப்பர் மலையும் உப்புக்காற்றுக்குத் தப்பியது இல்லை. சாதாரண வர்ணம் பூசிய இரும்புத் தாங்கியில் கேமரா மாட்டினால் சில மழைக்காலத்தில் துரு தின்றுவிடும். சூடான துத்தநாகக் குளியல் கொடுத்த தாங்கி, 316 தரத் துருப்பிடிக்கா எஃகுத் திருகு, தூசியும் நீரும் புகாத ஐ.பி. 66 உறை என்று விவரக்குறிப்பில் எழுதாவிட்டால், குறைந்த விலைக்காரர் வேறெதையாவது மாட்டிவிட்டுப் போவார். அவர் மேல் தவறும் சொல்ல முடியாது. 2011 டிசம்பர் 30-இல் தானே, 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் என்று புயல்கள் கரையேறும் பகுதி இது. தகட்டுக் கூரையில் விளிம்பு வரிசைக்குப் போல்ட் இடைவெளியைப் பாதியாக்கச் சொல்ல வேண்டும். காற்று அங்கேதான் முதலில் பிடித்துத் தூக்கும். எதிர்ச்சவ்வூடு (ஆர்.ஓ.) குடிநீர் நிலையம் கேட்டால் சவ்வு மாற்றும் செலவையும் கேளுங்கள். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அது வந்தே தீரும்.

பாதை எப்படி? தமிழ்நாட்டில் கண்காணிப்பாளரிடம் தொடங்கி, சிறைத்துறைச் சரகத் துணைத் தலைவர் (டி.ஐ.ஜி.), சென்னைத் தலைமையகம், உள்துறை, நிதித்துறை இசைவு, பிறகு அரசாணை. சிறு கருவிகளுக்கும் வசதிகளுக்கும் ‘பகுதி-2 திட்டம்’ என்ற வாசல் உண்டு. அதற்கான முன்மொழிவு நிதியாண்டு முடியுமுன்பே தலைமையகத்தில் இருக்க வேண்டும். சட்டமன்ற அறிவிப்பு வந்த பிறகு ஓடினால் அடுத்த ஆண்டுதான். நல அலுவலரை முதலில் பாருங்கள். அவருக்குத்தான் எந்தக் கூடம் காலி, எந்த நேரம் காலி, எந்த வார்டர் இதில் ஆர்வமுள்ளவர் என்று தெரியும். இரண்டு கோடி வரையிலான ஒப்பந்தப்புள்ளிக்குக் குறைந்தது 15 நாள் அவகாசம் தர வேண்டும், அதற்கு மேல் 30 நாள். மார்ச் முதல் வாரத்தில் ஆணை வந்தால் இந்த நாள்களே விழுங்கிவிடும், பணம் காலாவதியாகும். ஜனவரிக்குள் விவரக்குறிப்பும் மூன்று விலைப்புள்ளியும் தயாராக இருந்தால்தான் தப்பிக்கலாம்.

ஒன்றிய அரசின் பணம் என்றால், பொது நிதி விதிகள் 2017. தன்னார்வ அமைப்புக்கு தர்பன் எண், அதாவது நிதி ஆயோக் இணையதளத்தில் பதிந்த எண், வேண்டும். பணம் பி.எஃப்.எம்.எஸ். என்ற ஒன்றிய அரசின் இணையவழி நிதிக் கணக்கு அமைப்பின் வழியே வந்து, அதன் வழியேதான் செலவாக வேண்டும். பயன்பாட்டுச் சான்று 12-ஏ படிவம்; மாநில அரசு கொடுப்பது 12-சி. நிதியாண்டு முடிந்த 12 மாதத்துக்குள் தர வேண்டும். வங்கியில் கிடந்த காலத்துக்கு வந்த வட்டி நம்முடையது இல்லை, திருப்பிக் கட்ட வேண்டும். இதை மறந்து வட்டியில் நூல் வாங்கிவிட்டு, சில நூறு ரூபாய்க்காகச் சான்று திரும்பி வருவது வழக்கமாக நடக்கிறது. மானியத்தில் வாங்கிய இயந்திரத்தை அனுமதி இல்லாமல் விற்கவோ மாற்றவோ கூடாது. தனிப் பதிவேடு வைத்து, ஒவ்வொன்றிலும் எண் எழுதுங்கள். சிறையின் பொதுப் பதிவேட்டில் கலந்துவிட்டால் தணிக்கையில் பிரித்தெடுப்பது பெரும்பாடு.

இதுவரை சொன்னது பயிற்சிப் பணம். இன்னொரு மானியம் இருக்கிறது, அதைப் பற்றி உள்ளே இருப்பவர்களின் வீட்டாருக்கே தெரியவில்லை. 2023-இல் வந்த ஏழைச் சிறைவாசிகள் ஆதரவுத் திட்டம். ஆண்டுக்கு 20 கோடி. ஜாமீன் கிடைத்தும் பணம் கட்ட முடியாத விசாரணைச் சிறைவாசிக்கு 40,000 ரூபாய் வரையிலும், அபராதம் கட்ட முடியாமல் அடைபட்டிருக்கும் தண்டனைச் சிறைவாசிக்கு 25,000 வரையிலும் என்று தொடக்க வழிகாட்டுதல் வகுத்தது. ஆட்சியர், சட்டப்பணிகள் ஆணைக்குழுச் செயலாளர், காவல் கண்காணிப்பாளர், சிறைக் கண்காணிப்பாளர், சிறைக்குப் பொறுப்பான நீதிபதி அடங்கிய மாவட்டக் குழு முடிவு செய்யும். ஜாமீன் ஆணை வந்து 7 நாளில் ஆள் வெளியே போகாவிட்டால் சிறை அதிகாரி சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குச் சொல்ல வேண்டும். போதைப்பொருள், ஊழல், பணமோசடித் தடுப்பு, சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்ட வழக்குகளுக்கு இது கிடையாது.

மாநிலங்கள் இதைச் சரியாகப் பயன்படுத்தவில்லை என்று ஒன்றிய உள்துறையே எழுதியது. காரணம் எளிது. நம் ஊர் ஜாமீன் ஆணை ‘பத்தாயிரம் ரூபாய்க்குச் சொந்தப் பிணையும், அதே தொகைக்கு இரண்டு ஜாமீன்தாரர்களும்’ என்று வருகிறது. அங்கே தடையாக நிற்பது பத்தாயிரம் ரூபாய் இல்லை, இரண்டு ஆள். வீட்டுவரி ரசீதும் ஆதாரும் எடுத்துக்கொண்டு, ஒரு நாள் கூலியை விட்டு நீதிமன்றத்துக்கு வரக்கூடிய இரண்டு பேர். ஊரே கைவிட்டவனுக்கு அது எங்கே கிடைக்கும்? உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும் என்ற நிபந்தனை விடுதலையைத் தாமதப்படுத்துகிறது, அதை விதிக்காமல் இருப்பது நல்லது என்று 2023 ஜனவரி 31-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒரு மாதத்தில் பிணை கொடுக்க முடியாவிட்டால் நீதிமன்றம் தானாகவே நிபந்தனையைத் தளர்த்துவதைப் பரிசீலிக்கலாம் என்றும் அதே ஆணையில் உண்டு. ஆகவே இந்தத் திட்டத்தில் உதவ நினைக்கும் அமைப்பு பணத்தோடு போக வேண்டியதில்லை. ஏழாம் நாள் பட்டியலை வாரம் ஒருமுறை கேட்டு வாங்கி, ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் ‘பணமா, ஆளா, தாளா’ என்று குறித்துச் சட்டப்பணிகள் ஆணைக்குழு வழக்கறிஞரிடம் கொடுக்க ஒருவர் இருந்தால் போதும். அந்த ஒருவரின் போக்குவரத்துச் செலவும் மாத மதிப்பூதியமும்தான் நான் கேட்கச் சொல்லும் மானியம். முதல்முறைக் குற்றம் சாட்டப்பட்டவர் உச்சபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் இருந்துவிட்டால் பிணையில் விட வேண்டும் என்ற, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 479-ஆம் பிரிவுக்கும், மரண தண்டனை, ஆயுள் தண்டனைக் குற்றங்களையும் வேறு வழக்குகள் நிலுவையில் உள்ளவர்களையும் விலக்கிவிட்டு, அதே ஆள் அதே நோட்டில் ஒரு நெடுவரிசை கூட்டிக்கொள்ளலாம்.

கடைசியாக, விடுதலை ஆகும் நாளுக்கு ஒரு தனித் தலைப்பு வையுங்கள். பெரும்பாலான மனுக்களில் இது இருப்பதே இல்லை. ஆணை நீதிமன்றத்திலிருந்து வந்து, சரிபார்த்து, ஆள் வாசலுக்கு வரும்போது பெரும்பாலும் மாலை ஆகிவிடும். கையில் உள்ளே போகும்போது போட்டிருந்த சட்டை, அணைந்துபோன செல்போன், முதல் தகவல் அறிக்கையின் மடங்கிய நகல். ஆளுக்கு 1,500 ரூபாய் என்று போடலாம்: ஊர் போய்ச் சேரப் பேருந்துக் காசு, இரண்டு வேளைச் சாப்பாடு, ஒரு லுங்கி, ஒரு சட்டை, சிம் கார்டைப் புதுப்பிக்கும் செலவு. அதோடு ஒரு கடித உறை. உள்ளே வங்கிக் கணக்குப் புத்தகம், ஆதார் நகல், குடும்ப அட்டையில் பெயர் இருக்கிறதா என்று பார்த்த சீட்டு, தையல் சான்றிதழ், அடுத்த வாய்தா தேதி பெரிய எழுத்தில், நன்னடத்தை அலுவலரின் அலுவலகம் எந்தத் தெருவில் எந்தப் பேருந்து நிறுத்தத்தில் என்று. ஆண்டுக்கு 60 பேர் என்றால் 90,000 ரூபாய். உறையைத் தயார் செய்யும் வேலை விடுதலைக்கு ஒரு மாதம் முன்பே தொடங்க வேண்டும், ஏனென்றால் வங்கிக் கணக்கு திறக்கவே மூன்று வாரம் ஆகும்.